மங்கல் வெளிச்சத்துக்கு எந்தப் பைனாகுலர்?

திருகோணமலை மத்திய வீதியில் நெடுங்காலம் ஸ்ரூடியோவும் கெமரா திருத்தும் கடையும் நடத்திய ‘கண்ணாடிக்காரர்’ இந்த மாதம் பைனாகுலர் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் தம்பி கனடாவில், ஒன்டாரியோவில் இருக்கிறான். வேட்டை அனுமதிப்பத்திரம் எடுத்து, நவம்பரில் வேலையிடத்துக் கூட்டாளிகளோடு மான் வேட்டைக்குப் போகப் போகிறானாம். பைனாகுலர் ஒன்று வேண்டும், 250 கனடா டொலருக்கு மேல் செலவழிக்க ஏலாது என்கிறான். கடையில் 12 மடங்கு பெருப்பித்துக் காட்டும் சின்னது (12×25) ஒன்றை எடுக்கச் சொல்கிறார்களாம். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னான். எனக்கும் ஒரு கேள்வி: துவக்கிலேயே கண்ணாடி பூட்டியிருக்கும்போது கழுத்தில் இன்னொன்று எதற்கு? (வாசகி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, தம்பியுடைய கேள்வியை விட உங்களுடைய கேள்விதான் பெரிது. அதை முதலில் முடித்துவிடுவோம். துவக்கின் மேல் பூட்டிய ஸ்கோப்பால் எதைப் பார்த்தாலும் துவக்கின் வாயும் அதை நோக்கியே நீளும். பற்றைக்குள் அசைவது மானா, ஒதுங்கப் போன கூட்டாளியா என்று தெரியாத நேரத்தில் துவக்கை அந்தப் பக்கம் நீட்டலாமா? ஒன்டாரியோவில் மானுக்குத் துவக்கு வேட்டை நடக்கும் காலத்தில் பளிச்சென்ற செம்மஞ்சளில் மேலங்கியும் தொப்பியும் போட வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட காட்டில் என்ன ஏது என்று பார்ப்பது பைனாகுலரால். பார்த்து நிச்சயமான பிறகுதான் துவக்குத் தோளுக்கு ஏற வேண்டும். இரண்டாவது, கொம்பு. அங்கே கொம்பில்லாத மானைச் சுடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். இலை கொட்டிய மரங்களுக்கு நடுவே குச்சியோடு குச்சியாகத்தான் கொம்பு நிற்கும். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது.

இனித் தம்பிக்கு. பைனாகுலரில் 8×42, 10×42, 12×25 என்று இரண்டு இலக்கம் எழுதியிருக்கும். முதல் இலக்கம் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். வாங்குகிறவர்கள் முதல் இலக்கத்தை மட்டும் பார்ப்பார்கள், அது தெரிந்துதான் விற்கிறவர்களும் அதையே கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நான் செய்வது ஒரு பிரித்தல் கணக்கு. 42ஐ 8ஆல் பிரித்தால் 5.25. கண்ணுக்குள் வந்து விழும் வெளிச்ச வட்டத்தின் அகலம் அது, மில்லிமீற்றரில். பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள்: கறுப்புக்கு நடுவே வெள்ளை வட்டம் ஒன்று மிதக்கும். அதுதான்.

உச்சி வெயிலில் நம்முடைய கண்மணி 2, 3 மில்லிமீற்றருக்குச் சுருங்கி நிற்கும். அந்த நேரத்தில் சின்னதும் பெரிதும் ஒரே வெளிச்சம்தான் தரும். கருக்கலில் நிலைமை வேறு. இளவயதுக்காரருக்குக் கண்மணி 6, 7 மில்லிமீற்றர் வரை விரியும். கடைக்காரர் காட்டிய 12×25ஐப் பிரித்துப் பாருங்கள், 2 மில்லிமீற்றர்தான் வருகிறது. கண் வாயைத் திறந்துகொண்டு நிற்க, கண்ணாடி கிள்ளித் தெளிக்கிறது. ஒன்டாரியோவில் சூரியன் எழுவதற்கு அரை மணி முன்னே தொடங்கி, விழுந்து அரை மணி வரைதான் வேட்டை நேரம். மான் வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த இரண்டு அந்தங்களில்தான். விடியப்புறத்துக் குளிரில் எழும்பிப் போகிறவன் அந்த அரை மணியில் கருநிழலைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கா போகிறான்?

12 மடங்கில் இன்னும் இரண்டு தொல்லை இருக்கிறது. மான் பெருக்கிறதோடு கை நடுக்கமும் 12 மடங்கு பெருக்கும். மேடேறி வந்து மூச்சு வாங்குகிறவன் கையில் படம் நிற்காது. பார்வை அகலமும் சுருங்கும். 8 மடங்குக்காரர் ஆயிரம் மீற்றர் தூரத்தில் 120, 140 மீற்றர் அகலத்தை ஒரே பார்வையில் பிடிப்பார். 12 மடங்கில் அது 90 மீற்றர் சொச்சம். ஓடுகிற மானைக் கண்ணாடிக்குள் தேடிப் பிடிப்பதற்குள் மான் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். காட்டுக்குள் 8×42. வெட்டவெளி வயல்களின் ஓரத்தில் தூரம் பார்க்கிற வேட்டை என்றால் 10×42. அதற்கு மேல் வேண்டாம்.

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் வருகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழாய்க்குள் காற்றைத் தொடுகிற முகங்கள் பத்துக்குக் குறையாது. பத்தும் பூச்சில்லாமல் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விட்டது. ‘கோட்டட்’ என்று மட்டும் போட்டிருந்தால் ஏதோ ஒரு முகத்துக்கு ஒரு பூச்சு என்று அர்த்தம். எல்லா முகத்துக்கும் பல பூச்சு என்று சொல்கிற ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்ற மூன்று சொல்லும் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் கேள்வி கேட்க வேண்டும். குழாய்க்குள் இருந்து தலைகீழ்ப் படத்தை நிமிர்த்துகிற பிரிசம் ‘பேக்-4’ கண்ணாடியா என்றும் பார்க்கட்டும். மலிவான ‘பிகே-7’ என்றால், முன்னே சொன்ன வெள்ளை வட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரித் தெரியும்.

மழை, பனி, உறைகுளிர். ஆகவே தம்பிக்கு நீர் புகாத, உள்ளே நைதரசன் அடைத்த நேர்க்குழாய் வகை நல்லது. சூடான காருக்குள்ளிருந்து குளிருக்குள் இறங்கும்போது உட்பக்கம் ஆவி பிடிக்காது. பெயர் கேட்டால்: செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ், நிக்கொன் புரோஸ்டாஃப் பி3, வோர்டெக்ஸ் குரொஸ்ஃபயர் எச்டி. மூன்றும் 150 அமெரிக்க டொலரைச் சுற்றி நிற்கிறவை. மூன்றையும் கையுறை போட்ட கையோடு எடுத்து, படத்தைத் தெளிவாக்குகிற நடுச் சில்லை உருட்டிப் பார்க்கட்டும். சில்லு எதில் லேசாக ஓடுகிறதோ அதை எடுக்கலாம். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கவிட்டால் பிடரி வலிக்கும். தோளில் மாட்டுகிற பட்டி ஒன்று வாங்கட்டும், மிச்சக் காசு அதற்குப் போதும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பைனாகுலரைத் தாராளமாகக் கொண்டுவரலாம். வேட்டை ஆசையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். இங்கே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மானும் மரையும் தொட முடியாதவை. பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்த மாவட்டத்துக் காடுகளில் இடமில்லை.

கேள்வி: எனக்கு 58 வயது. காட்டோரமாக வயல் செய்கிறேன். கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் பன்றி, சில நாளில் யானை. பரணில் காவல் இருக்கிறோம். 30,000 ரூபாவுக்குள் ஒரு பைனாகுலர் எடுக்கலாமா? இரவிலும் தெரியும் என்று சிவப்புக் கண்ணாடி போட்ட ஒன்றை 9,000 ரூபாவுக்குக் காட்டினார்கள். பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், உங்கள் அபிப்பிராயம் என்ன? (விவசாயி, தம்பலகாமம்)

பதில்: ஐயா, சிவப்புக் கண்ணாடி வேண்டாம். அந்தப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்புகிறது, உங்கள் கண்ணுக்கு மிஞ்சுவது பச்சையடித்த, இன்னும் மங்கிய படம். இரவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருட்டில் தானாகப் பார்க்கிற கருவி வேறு சாதி, மின்கலத்தில் இயங்கும். அதன் விலையை நான் சொல்லி உங்கள் இரவு நித்திரையைக் கெடுக்க விரும்பவில்லை. சாதாரணப் பைனாகுலருக்கு ஏதாவது ஒரு வெளிச்சம் வேண்டும்: அந்தி, நிலவு, அல்லது பக்கத்தில் நிற்பவரின் ரோச்.

‘நைட் கிளாஸ்’ என்று 7×50ஐ யாராவது சிபாரிசு செய்வார்கள். கப்பற்காரருடைய கண்ணாடி அது, 7 மில்லிமீற்றர் வட்டம் தரும். ஆனால் வயது போகப் போகக் கண்மணி அவ்வளவு விரியாது. நம் வயதில் 5 மில்லிமீற்றர் கிடைத்தாலே புண்ணியம். மிச்சம் கண்மணியைச் சுற்றியிருக்கிற நிறவளையத்தில் விழுந்து வீணாகப் போகும். உங்களுக்கு 8×40 அல்லது 8×42 கணக்காக இருக்கும். கனடாத் தம்பிக்குச் சொன்ன நேர்க்குழாய் வகையை விட்டு, தோள் புடைத்த பழைய வடிவத்தை எடுங்கள், ‘பொரோ’ வகை. இத்தாலிக்காரர் இக்னாசியோ பொரோ 1854இல் காப்புரிமை எடுத்த பிரிசம் அது. செய்வது சுலபம் என்பதால், ஒரே விலைக்கு நேர்க்குழாயை விடப் பளிச்சென்ற படம் கிடைக்கும். நிக்கொன் அக்குலொன் வெளிநாட்டில் நூறு டொலரைச் சுற்றிக் கிடைக்கும், டொலர் முந்நூறு ரூபாவில் நிற்கிறவரை உங்கள் கணக்குக்குள்தான். விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லி எடுப்பியுங்கள். மழையில் நனைய விடக்கூடாது, அது ஒன்றுதான் குறை.

வாங்கினால் எப்படிப் பாவிப்பது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பரணில் ஏறி இருட்டிய பிறகுதான் உறையைத் திறக்கிறார்கள். ஐந்தரைக்கே வரம்பில் நின்று காட்டோரத்தை இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவிக்கொண்டு போங்கள். முழு யானையைத் தேடினால் கிடைக்காது. நிழலுக்குள் நிற்கிற யானைக்கு உருவமே இருக்காது, சாம்பல் நிறத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். காது விசிறுவதைத் தேடுங்கள். காற்றில்லாத நேரத்தில் மரத்தடியில் ஏதோ ஒன்று ஒரே தாளத்தில் ஆடுகிறதென்றால் அங்கே ஆள் நிற்கிறார். கொப்பு முறிந்து வெள்ளையாகத் தெரிகிற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பன்றி என்றால் கதிரைப் பாருங்கள்: சுற்றி எல்லாம் அசையாமல் நிற்க, ஒரு கோட்டில் மட்டும் நெல் தலையாட்டிக்கொண்டு போகும். எந்தப் பக்கத்தால் வரப்போகிறது என்று வெளிச்சத்திலேயே தெரிந்தால் யானை வெடியை எந்த மூலையில் வைத்திருப்பது, பிள்ளைகளை எந்த வழியால் வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கலாம். யானை கண்ணில் பட்டால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். கிட்டப் போய்ப் பார்க்க அவசியம் இல்லாமல் செய்வதற்குத்தான் இந்தச் சாமான்.

கட்டுத்துவக்குப் பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்தான். கம்பியில் தட்டுப்பட்டது பன்றியா, மாடு தேடி வந்த பக்கத்து வயற்காரனா என்று அதற்குத் தெரியாது. சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் குற்றம்.

கேள்வி: வாப்பா கடலுக்குக் கொண்டுபோன 7×50 பைனாகுலர் வீட்டில் இருக்கிறது. தோல் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தோம். இப்போது உள்ளே புகை படிந்த மாதிரி இருக்கிறது, ஒரு தோணி இரண்டாகத் தெரிகிறது. திருத்தலாமா, புதிது எடுப்பதா? அரிசிக்குள் போட்டு வைத்தால் சரிவரும் என்கிறார்கள். (வாசகர், கிண்ணியா)

பதில்: தம்பி, அந்தத் தோல் உறைதான் வில்லன். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நம்முடைய கடற்கரைக் காற்றில் பூஞ்சணத்துக்கு அதை விட நல்ல வீடு கிடையாது. முன்பக்கக் கண்ணாடிக்குள் ரோச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்துப் பாருங்கள். ஒரே சீரான மங்கல் என்றால் பழைய கிறீஸ் ஆவியாகிப் படிந்தது, துடைத்தால் போய்விடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மயிரிழை வேர் மாதிரிக் கிளை விட்டு ஓடினால் பூஞ்சணம். தொடக்கத்தில் பிடித்தால் அதுவும் துடைபடும். நாட்பட்டால் அது சுரக்கிற அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். என் மேசையில் எத்தனையோ கண்ணாடிகளைத் துடைத்து எடுத்திருக்கிறேன், சிலவற்றில் பூஞ்சணம் போன பிறகும் அதன் வேர்த்தடம் கண்ணாடியில் அப்படியே நிற்கும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு காசு செலவழிக்காதீர்கள்.

இரண்டாகத் தெரிவது வேறு வருத்தம். எப்போதோ விழுந்து உள்ளேயிருக்கிற பிரிசம் நகர்ந்திருக்கிறது, இரண்டு குழாயும் இரண்டு திசை பார்க்கின்றன. சரிப்படுத்தச் சின்ன ஆணிகள் இருக்கின்றன. வீட்டுத் திருப்புளியால் தொட்டால் இரண்டு மூன்றாகும். தெரிந்த ஆளிடம் கொடுங்கள். கூலி புதிதின் பாதி விலைக்கு மேல் போகாது என்றால் திருத்துங்கள். அந்தக் காலத்துக் கனத்த உடம்பும் கண்ணாடியும் இப்போது அந்த விலைக்கு வராது, வாப்பாவின் சாமான் வேறு.

அரிசி வேண்டாம், தவிடும் தூளும்தான் உள்ளே போகும். இறுக்க மூடுகிற பிளாஸ்ரிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறினால் வறுத்து எடுத்துத் திரும்பப் போடலாம். கடலால் வந்தவுடன் உடம்பை ஈரத் துணியால் துடையுங்கள். கண்ணாடியை முதலில் ஊதி உப்புத் தூளைப் பறக்க விட்ட பிறகுதான் தொட வேண்டும். சாரத் தலைப்பால் துடைக்கிற பழக்கம் இந்தக் கரை முழுக்க இருக்கிறது. உப்புப் பரல் ஒவ்வொன்றும் கண்ணாடியில் ஒரு கோடு கீறிவிட்டுத்தான் போகும்.

கேள்வி: 10இலிருந்து 180 மடங்கு வரை சூம் ஆகும், முன்கண்ணாடி 100 மில்லிமீற்றர், விலை 4,500 ரூபா என்று இணையத்தில் விற்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குமாம். நம்பலாமா? (மாணவர், சீனன்குடா)

பதில்: 100 மில்லிமீற்றர் முன்கண்ணாடி இரண்டு, உள்ளங்கைக்குள். ஒரு அடிமட்டத்தை எடுத்து உள்ளங்கையை அளந்து பாருங்கள் தம்பி, மிச்சம் விளங்கும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோணேசர் மலையிலிருந்து திமிங்கலம் பார்க்கலாம் என்று மருமகன் பைனாகுலர் வாங்கித் தந்தார். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் கறுப்பு வளையம்தான் தெரிகிறது. கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டுமா? (வாசகி, திருகோணமலை)

பதில்: கண் வைக்கிற இடத்தில் இருக்கிற றப்பர் கிண்ணத்தை உள்ளே மடியுங்கள் ரீச்சர், அல்லது திருகிக் கீழே இறக்குங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதை வெளியே நீட்டி வைத்துப் பார்த்தால் படத்தின் நடு மட்டுமே கிடைக்கும். மடித்தும் வளையம் போகவில்லை என்றால் அந்தச் சாமானின் ‘ஐ ரிலீஃப்’, அதாவது கண்ணைத் தள்ளி வைத்தும் முழுப்படம் தெரிகிற தூரம், போதாது. பெட்டியில் 15 மில்லிமீற்றருக்கு மேல் போட்டிருப்பதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வெள்ளெழுத்து, கிட்டப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டும் பார்க்கலாம், நடுச் சில்லு அதைச் சரிக்கட்டும். சிலிண்டர் பவர் பெரிதாக இருந்தால் கழற்ற வேண்டாம்.

திமிங்கலத்தைக் கண்ணாடியால் தேடாதீர்கள். மார்ச்சுக்குப் பிறகு கடல் படுத்த காலையில், வெறுங்கண்ணால் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள். மூச்சு விடும் நீர்ப்புகை எழும்பினால் அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். நம் பக்கத்தில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்ட வருவதால் நீலத் திமிங்கலமே மலையிலிருந்து தெரியும் வாய்ப்பு இருக்கிறது. காலைச் சூரியன் அதே திசையில்தான் எழும்பும். கண்ணாடியின் வட்டம் சூரியனைத் தவறியும் தொடக்கூடாது, ஒரு கணமே பார்வையை எடுத்துவிடும்.

கேள்வி: கடைக்குள் நின்று பார்த்தால் எல்லாப் பைனாகுலரும் நன்றாகத்தான் தெரிகிறது. வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது? (வாசகர், நிலாவெளி)

பதில்: ரியூப் லைட்டுக்குக் கீழே எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். பின்னேரம் போங்கள். கடை டவுனுக்குள் என்றால், கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு பிரெட்றிக் கோட்டைக்கு நடவுங்கள். அங்கே புள்ளிமான்கள் மர நிழலில் படுத்திருக்கும், சோதனைக்கு அதை விட நல்ல சாமான் வேறில்லை.

முதலில் உங்கள் கண்ணுக்குச் செட் பண்ண வேண்டும், பாதிப்பேர் இதைச் செய்யாமலே சாமான் சரியில்லை என்கிறார்கள். நடு மடிப்பை அசைத்து இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் வரை கொண்டுவாருங்கள். சினிமாவில் காட்டுகிற எட்டு வடிவம் தெரிந்தால் இன்னும் சரியில்லை. பிறகு வலது குழாயைக் கையால் மறைத்து, நடுச் சில்லால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடதை மறைத்து, சில்லைத் தொடாமல், வலது கண் கிண்ணத்துக்குக் கீழே இருக்கிற வளையத்தை மட்டும் திருப்புங்கள். இனி எந்தத் தூரத்துக்கும் நடுச் சில்லு போதும்.

ஐம்பது அறுபது மீற்றர் தள்ளி நிழலில் படுத்திருக்கிற மானைப் பாருங்கள். புள்ளிக்கும் மயிருக்கும் நடுவில் ஓரம் வெட்டினமாதிரித் தெரிகிறதா, கரைகிறதா? காதுக்குள் இருக்கிற வெள்ளை மயிர் தெரிகிறதா? வானத்துக்கு எதிரே நிற்கிற கொப்பைப் பாருங்கள். ஓரத்தில் ஊதா, பச்சைக் கரை கட்டினால் மலிவுக் கண்ணாடி, கொஞ்சம் இருந்தால் மன்னிக்கலாம். ஒரு கொம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டே இரண்டு குழாயையும் மெதுவாகக் கண்ணிலிருந்து விலக்குங்கள். நுனி இரண்டாகப் பிரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கிண்ணியாத் தம்பியின் வருத்தம்தான். வெளிச்சம் மங்க மங்க, விலை கூடியது குறைந்தது இரண்டு சாமானையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். விலை வித்தியாசம் எதற்கு என்று ஆறு மணிக்குப் பிறகுதான் தெரியும்.

ஒன்று மட்டும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் துறைமுகத்தில் கடற்படை. மானையும் மரக்கொப்பையும் விட்டு வேறெங்கும் கண்ணாடியைத் திருப்பாதீர்கள். மான் பார்க்கிறேன் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள், கட்டடம் பார்த்ததற்கு விளக்கம் சொல்லி முடிய இரவாகிவிடும். கடைக்காரர் சாமானைத் தெருவுக்குக் கொண்டுவரச் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.